10 கிலோகிரேயில் பெரிதான வளையம்: கைட்டோசான் படலத்துக்குக் கதிரூட்டியபோது நடந்தவை

பின்னணி

மூன்று பேர் சேர்ந்து செய்த வேலை. படலம் தயாரித்தது ஓர் ஆராய்ச்சி மாணவி. கிருமிச் சோதனைகளை ஒரு நுண்ணுயிரியலாளர் பார்த்துக்கொண்டார். பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்) பக்கம் நான். மக்கும் பொருளில் உணவு உறை செய்ய வேண்டும், அந்த உறையே கிருமி வளர்வதைத் தடுக்கவும் வேண்டும் என்பதுதான் திட்டம். அதற்குக் கைட்டோசானை எடுத்துக்கொண்டோம். இறால், நண்டு ஓட்டிலுள்ள கைட்டினிலிருந்து எடுப்பது இது. அசெட்டிக் அமிலம் கலந்த நீரில் கரையும், தட்டில் ஊற்றிக் காயவைத்தால் நல்ல தெளிவான படலமாக வரும். வளைந்துகொடுக்கக் கிளிசரால் சேர்த்தோம், கிருமியை எதிர்க்கக் கார்வக்ரால் சேர்த்தோம். ஆரிகனோ என்ற மூலிகையின் எண்ணெயிலுள்ள காரமான வாசனைக்குக் காரணமான ஃபீனால் வகைச் சேர்மம் அது.

படலம் நன்றாகவே வந்தது. பிரச்சினை அதற்கு அடுத்த கட்டத்தில். இயற்கை மூலப்பொருள், கூடவே கிளிசரால், கொஞ்சம் ஈரப்பதம். கார்வக்ரால் இருந்தும் சில பூஞ்சை வித்துகளும் பாக்டீரியா ஸ்போர்களும் (கடினமான உறைக்குள் உறங்கும் நிலையில் உள்ள பாக்டீரியா) படலத்தில் தங்கிவிடுகின்றன. உணவைச் சுற்றும் முன் இவற்றை ஒழித்தாக வேண்டும். 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வைத்தால் படலம் நீரை உறிஞ்சிச் சுருண்டுவிடும், கார்வக்ராலும் ஆவியாகப் போய்விடும். எத்திலீன் ஆக்சைடு வாயு நச்சு எச்சத்தை விட்டுவைக்கும், கைட்டோசானின் அமீன் தொகுதிகளோடும் வினைபுரியும். புற ஊதா ஒளி மேற்பரப்பைத் தாண்டாது. ஆகவே கதிரூட்டல். கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிர் மூடிய பையையும் ஊடுருவிப் போகும், சூடாக்காது, எச்சமும் விடாது. பொருள் உறிஞ்சும் கதிர் ஆற்றலை, அதாவது டோஸை, கிரே என்ற அலகில் சொல்வார்கள்; 10 கிலோகிரே என்பது ஒரு கிலோவுக்கு 10 கிலோஜூல். அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமானாலும் தண்ணீரின் வெப்பநிலை ஏறக்குறைய 2.4 டிகிரிதான் ஏறும்.

சூடு ஏறாததால் படலத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. அது எங்களுக்கும் ஏட்டளவில் தெரியும். பாலிமர் சங்கிலிகளைக் கதிர் வெட்டவும் செய்யும், ஒன்றோடொன்று பிணைக்கவும் செய்யும். பாலிஎத்திலீனில் பிணைப்பு மேலோங்கும், அதனால் அது உறுதியாகிறது. கைட்டோசான், செல்லுலோஸ், ஸ்டார்ச் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளில், குறிப்பாக உலர்ந்த நிலையில், வெட்டுதான் மேலோங்கும். மக்கும் பிளாஸ்டிக்காகப் பெயர் பெற்ற பாலிலாக்டிக் அமிலமும் இந்தப் பக்கம்தான். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டும் என்ன செய்தோம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் சுற்று

2, 5, 10, 25 கிலோகிரே என நான்கு டோஸ்கள். உணவுக் கதிரூட்டலில் 10 கிலோகிரே முக்கியமான எல்லை. அந்தச் சராசரி டோஸ் வரை கதிரூட்டிய உணவால் நச்சு அபாயம் இல்லை என்று உணவு வேளாண்மை அமைப்பு, சர்வதேச அணுசக்தி முகமை, உலக சுகாதார அமைப்பு ஆகியவற்றின் கூட்டு நிபுணர் குழு 1980இல் சொன்னது. 25 என்ற எண்ணை மருத்துவக் கருவிகளின் ஸ்டெரிலைசேஷன் (முழுக் கிருமி நீக்கம்) வழக்கத்திலிருந்து எடுத்தோம். அந்த எண் நமக்கு ஏன் வேண்டும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மாணவி படலங்களை அடுக்கி, சாதாரண பாலிஎத்திலீன் பைகளில் காற்றோடு சேர்த்து மூடி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கதிரூட்டும் நிலையத்துக்கு அனுப்பினார். போய்வரச் சில நாட்கள் ஆனது. ஒப்பீட்டுக்கான கதிரூட்டாத படலங்கள் எங்கள் ஃபிரிட்ஜிலேயே இருந்தன. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெட்டி திரும்பி வந்த மறுநாளே சோதனைகளைத் தொடங்கினோம். 25 கிலோகிரே படலம் வெளிப்படையாகவே மஞ்சளாகியிருந்தது. 10இல் லேசான மஞ்சள், வெள்ளைத் தாளில் வைத்தால்தான் தெரியும். இழுவலிமை 10 வரை பெரிதாக மாறவில்லை. அப்புறம் அகார் தட்டு, அதாவது கிருமி வளர்க்கும் கூழ் பரப்பிய தட்டு. படலத்தைத் துளையிடும் கருவியால் 6 மில்லிமீட்டர் வட்டங்களாக வெட்டி, இ.கோலை, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்களைப் பூசிய தட்டுகளில் வைத்து ஒரு நாள் கழித்துப் பார்த்தால், கதிரூட்டிய படலத்தைச் சுற்றிய தடை வளையம் (பாக்டீரியா வளராத தெளிவான பகுதி) கதிரூட்டாததை விடப் பெரிதாக இருந்தது. 10 கிலோகிரேயில் மிகத் தெளிவான வித்தியாசம். திரும்பச் செய்தும் அதே முடிவு.

எல்லோருக்கும் சந்தோஷம். கிருமி நீக்கத்துக்காகச் செய்த வேலையில் கிருமி எதிர்ப்பும் கூடியிருக்கிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது. "கதிரூட்டல் கிருமி எதிர்ப்பைக் கூட்டுகிறது" என்று மாணவி கட்டுரை வரைவில் எழுதினார். நான் படித்துவிட்டுச் சரி என்றேன்.

முதல் முடிவும் அதன் காரணமும்

10 கிலோகிரேயை நிலையான டோஸாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அன்று சொன்ன காரணங்கள் இவை: வளையம் பெரிது, வலிமை குறையவில்லை, நிறமாற்றம் தாங்கக்கூடியது, உணவுக்கான எல்லைக்குள்ளும் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாக உண்மைதான். ஆனால் எல்லாமே முதல் நாள் எடுத்த அளவுகள், ஒரு உறையோ வாரக்கணக்கில் வேலை செய்ய வேண்டிய பொருள்.

என்ன தவறியது

ஐந்து வாரம் கழித்து, கட்டுரைக்கு ஒரு படம் குறைகிறது என்று மாணவி அதே தொகுதியில் மீதமிருந்த படலத்தை எடுத்து மறுபடி சோதித்தார். மறுநாள் காலை தட்டோடு என் மேசைக்கு வந்தார். "சார், வளையமே வரலை." கதிரூட்டாத படலத்தில் வளையம் சிறுத்திருந்தாலும் இருந்தது. 10 கிலோகிரே படலத்தில் வட்டத்துக்கு அடியில் மட்டும் வளர்ச்சி இல்லை, சுற்றிலும் பாக்டீரியா விளிம்பு வரை வளர்ந்திருந்தது. படலத்தை மடித்தால் மடிப்புக் கோட்டில் விரிசல் விட்டது, முதல் வாரத்தில் அப்படி இல்லை.

நுண்ணுயிரியலாளர் சொன்னது: "முதல்ல என் கல்ச்சரைச் சந்தேகப்படுங்க, அப்புறம் உங்க படலத்தைப் பாருங்க." கல்ச்சர் என்றால் சோதனைக்கு வளர்த்த பாக்டீரியா. அப்படியே செய்தோம். தரப்படுத்திய ஆன்டிபயாடிக் வட்டுகளை அதே கல்ச்சரில் வைத்தார், வளையம் வழக்கமான அளவில் வந்தது. ஆக கல்ச்சரில் குற்றமில்லை. நிலையம் கொடுத்த டோஸ் அளவீட்டையும் கேட்டு வாங்கினோம், சொன்ன வரம்புக்குள்தான் இருந்தது. மிச்சம் படலமும் நாங்களும்தான்.

காரணத்தைத் தேடியது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கண்ணிகளில் வேறு குழுக்களும் மாட்டக்கூடும்.

முதலில் வளையம். பழைய தட்டுகளின் புகைப்படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது, கதிரூட்டிய படலத்தின் வட்டமே அகாரின் ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பெருத்திருக்கிறது. நாங்கள் வளையத்தை விளிம்புக்கு விளிம்பு அளந்திருந்தோம், அதில் வட்டத்தின் சொந்த வீக்கமும் சேர்ந்துவிட்டது. வீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் கொஞ்சம் மிஞ்சியது, அதாவது முழுக்க அளவீட்டுப் பிழையும் இல்லை. சங்கிலிகள் வெட்டுப்பட்டதால் வலை தளர்ந்திருக்கிறது, தளர்ந்த வலை ஈரத்தில் வேகமாக வீங்குகிறது, வீங்கிய வலையிலிருந்து கார்வக்ரால் வேகமாக வெளியேறுகிறது. தடை வளையம் காட்டுவது ஒரு பொருள் அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவியது என்பதை. அன்று நாங்கள் கண்டது கூடுதல் வீரியம் இல்லை, கையிருப்பை ஒரே நாளில் அள்ளிக் கொட்டியதைத்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அடுத்தது சங்கிலியின் நீளம். படலத்தை அசெட்டிக் அமிலத்தில் கரைத்துப் பாகுநிலையை அளந்தோம். கதிரூட்டாததை விட 10 கிலோகிரே படலத்தின் கரைசல் விஸ்காமீட்டரில் (பாகுநிலை அளக்கும் குழாய்) மிக வேகமாக இறங்கியது, அதாவது சங்கிலிகள் நன்றாகவே குட்டையாகிவிட்டன. முதல் நாளன்று இழுவலிமை மாறாமல் இருந்ததை வைத்து "படலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னது எவ்வளவு அவசரம் என்பது இங்கே புரிந்தது. சங்கிலி ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குக் கீழே போகும் வரை இழுவலிமை அதைச் சரியாகக் காட்டிக்கொடுக்காது. நீட்சியும் (அறுவதற்கு முன் எவ்வளவு நீள்கிறது என்பது) பாகுநிலையும்தான் முதலில் சொல்லும்.

வெட்டு கதிரூட்டலோடு நின்றுவிடுவதும் இல்லை. சங்கிலிகள் நெருக்கமாக அடுங்கிய படிகப் பகுதிகளில் சிக்கிய ஃப்ரீ ரேடிக்கல்கள் (கதிர் உருவாக்கும், எளிதில் வினைபுரியும் துணுக்குகள்) நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல உள்ளே வந்து அவற்றோடு சேர்ந்து மேலும் சங்கிலிகளை உடைக்கும். காமா கதிரூட்டலில் இந்த டோஸ் சேர மணிக்கணக்கில் ஆகும், அந்த நேரம் முழுவதும் ஆக்சிஜன் படலத்துக்குள் வந்துகொண்டே இருக்கலாம். எலக்ட்ரான் கற்றையில் அதே டோஸ் நொடிகளில் முடிந்துவிடும் என்பதால் ஆக்சிஜனுக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்காது. நாங்கள் பையில் காற்றை அடைத்து அனுப்பி, திரும்பி வந்த பின்னும் அதே காற்றிலேயே வைத்திருந்தோம்.

கார்வக்ரால் எவ்வளவு மிச்சம் என்று அளப்பதிலும் ஒருமுறை சறுக்கினோம். எத்தனாலில் ஊறவைத்து, புற ஊதா நிறமாலைமானியில் 275 நானோமீட்டர் அருகில் படித்தோம். ஆச்சரியம், கதிரூட்டிய படலத்தில் கார்வக்ரால் அதிகம் என்று வந்தது! இல்லாத பொருள் எப்படிக் கூடும்? கார்வக்ரால் சேர்க்காத வெறும் கைட்டோசான் படலத்தையும் கதிரூட்டிப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். கதிர் பட்ட கைட்டோசானில் உருவாகும் கார்போனைல் அமைப்புகளும் புற ஊதாப் பகுதியில் அங்கேதான் ஒளியை உறிஞ்சுகின்றன, மஞ்சள் நிறத்துக்கும் அவைதான் காரணம். பிறகு சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபியில் அளந்தபோது உண்மை வந்தது. கார்வக்ரால் குறைந்துதான் போயிருந்தது.

கடைசியாக ஃபிரிட்ஜ் விஷயம். மாணவி பழைய பைகளில் ஒன்றைத் திறந்து முகர்ந்துவிட்டு, "படலத்தை விடப் பைதான் சார் அதிகமா வாசனை அடிக்குது" என்றார். எங்கள் மொத்த ஆராய்ச்சியிலும் மிகக் கூர்மையான கவனிப்பு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். பாலிஎத்திலீன் இத்தகைய வாசனைச் சேர்மங்களை உறிஞ்சிக்கொள்ளும், வெளியேயும் விட்டுவிடும். கதிரூட்டிய படலங்கள் பெட்டியில், வெயில் காலத்து வண்டியில், நாட்கணக்கில் அந்தப் பைக்குள் இருந்தன. ஒப்பீட்டுப் படலங்கள் ஃபிரிட்ஜில் குளிராக இருந்தன. ஆக நாங்கள் ஒப்பிட்டது கதிரூட்டியதையும் கதிரூட்டாததையும் இல்லை, பயணம் போனதையும் வீட்டிலேயே இருந்ததையும். எவ்வளவு இழப்பு கதிரால், எவ்வளவு பயணத்தால் என்று பிரிக்க எங்களிடம் வழியே இல்லை.

இரண்டாம் சுற்று

கட்டுரை வரைவை நிறுத்திவைத்தோம். மாணவிக்கு அது கடினமான வாரம். அந்தத் தவறு அவருடையது இல்லை, சோதனை அமைப்பைப் பார்த்துச் சரி என்று சொன்னவன் நான், அதை அவரிடமும் குழுவிலும் சொன்னேன்.

இந்த முறை முதலில் படலத்தில் உண்மையில் எத்தனை கிருமிகள் இருக்கின்றன என்று எண்ணினோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இ.கோலை போன்றவற்றின் எண்ணிக்கையைப் பத்தில் ஒன்றாக்கப் பொதுவாக அரை கிலோகிரே கூடத் தேவைப்படாது, ஸ்போர்களுக்குத்தான் அதைவிடப் பல மடங்கு வேண்டும். எண்ணிப் பார்த்ததில் எங்கள் படலத்தின் சுமை குறைவாகவே இருந்தது, 5 கிலோகிரே தாராளம். 25 என்ற எண் எங்கள் தேவையிலிருந்து வரவே இல்லை. அறுவைக் கருவிக்கு வேண்டிய ஸ்டெரிலிட்டி உத்தரவாதத்தை உணவு உறையிடம் யாரும் கேட்கவில்லை. அதை விட்டுவிட்டோம்.

பையை மாற்றினோம்: அலுமினிய அடுக்குள்ள பவுச், பாதிப் பவுச்சுகளில் காற்று, மீதிப் பவுச்சுகளில் நைட்ரஜன். கதிரூட்டாத படலம் ஒரு தொகுதி அதே பெட்டியில், அதே வண்டியில், அதே குளிர் பொதிகளோடு நிலையம் வரை போய், கதிர் அறைக்குள் மட்டும் போகாமல் திரும்பியது. கார்வக்ரால் இல்லாத வெறும் படலமும் ஒவ்வொரு டோஸிலும் போனது. பெட்டியின் மேல், நடு, அடி மூன்றிலும் டோஸ் அளக்கும் டோசிமீட்டர் வைக்கச் சொன்னோம். நிலையத்தார் தயங்காமல் செய்துகொடுத்தார்கள், முதல் முறை நாங்கள் கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம். சோதனைகள் 1, 7, 30ஆம் நாட்களில்.

தடை வளையத்தை முழுக்க விடவில்லை, ஆனால் அதை நம்பி முடிவெடுப்பதை நிறுத்தினோம். பாக்டீரியாக் கரைசலில் படலத்தை நேரடியாக வைத்து மணிக்கு மணி எண்ணிக்கை எடுப்பது முதன்மைச் சோதனையானது. கார்வக்ரால் எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்பதை உணவுக்குப் பதிலாக வைக்கும் 10 சதவீத எத்தனாலில் அளந்தோம். அமில உணவுக்குப் பதிலாக வைக்கும் 3 சதவீத அசெட்டிக் அமிலத்தில் முயன்றபோது படலமே கரையத் தொடங்கியது, கதிரூட்டியது இன்னும் சீக்கிரம். கைட்டோசான் என்றால் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். அமில உணவுக்கு இந்தப் படலம் சரிவராது என்று அன்றே எழுதி வைத்தோம்.

என்ன தெரிந்தது

பயணம் மட்டும் போய்வந்த படலத்திலும் கார்வக்ரால் குறைந்திருந்தது. அலுமினியப் பவுச்சிலும் குளிரிலும் போனதால் இந்த முறை அது சிறிய இழப்புதான். முதல் சுற்றில் கதிர் மேல் போட்ட பழியில் ஒரு நல்ல பங்கு பயணத்துடையது என்று இதிலிருந்து புரிந்தது. ஆனால் பயணத்தைக் கழித்த பிறகும் கதிரின் பங்கு என்று ஒன்று மிஞ்சியது. 10 கிலோகிரேயில் காற்றோடு போன படலம் முதல் நாளில் வேகமாக வெளியேற்றி, 30ஆம் நாளில் பலவீனமாகி, மடித்தால் விரிசல் விட்டது. அதே டோஸ் நைட்ரஜனில் மஞ்சளும் குறைவு, பாகுநிலைச் சரிவும் குறைவு, ஆனாலும் 30ஆம் நாளில் நீட்சி இறங்கியிருந்தது. 5 கிலோகிரே நைட்ரஜன் படலம் 30ஆம் நாளிலும் பயணம் மட்டும் போன படலத்துக்கு ஏறக்குறைய சமமாக நின்றது. அதில் வளையம் பெரிதாகவில்லை, சிறுக்கவும் இல்லை.

ஒன்று எங்களை மகிழ்ச்சியில் ஆழ்த்தியது. அதே டோஸில், கார்வக்ரால் உள்ள படலத்தின் சங்கிலிகள் வெறும் படலத்தை விடக் குறைவாக வெட்டுப்பட்டன. ஃபீனால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து ரேடிக்கலை அடக்கிவிடும், அதனால் இது புரியக்கூடியதே. கிருமியைக் கொல்லச் சேர்த்த பொருள் படலத்தையும் காக்கிறது. ஆனால் காக்கும்போது தானும் கொஞ்சம் செலவாகிறது, சேர்க்கும் அளவில் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உணவை உள்ளே வைத்து மூடிய பிறகு கதிரூட்டும் வழியையும் சின்னதாக முயன்றோம், 3 கிலோகிரேயில். ஈரமான உணவைத் தொட்ட பகுதி, உலர்ந்த படலம் அதே டோஸில் இழந்ததை விட அதிக வலிமை இழந்தது. கதிர் பட்ட நீர் ஹைட்ராக்சில் ரேடிக்கல்களைக் கொடுக்கும், அவை சங்கிலியைத் தாக்கும். உலர்ந்த படலத்தில் கிடைத்த எண்ணை வைத்து இந்த வழிக்கு டோஸ் முடிவு செய்ய முடியாது என்று மட்டும் தெரிந்துகொண்டு அங்கேயே நிறுத்தினோம்.

இறுதி முடிவு: வெறும் உறையாக, 5 கிலோகிரே, நைட்ரஜன் நிரப்பிய அலுமினியப் பவுச், குளிர்ப் பயணம், உணவைச் சுற்றும் நாள் வரை பவுச்சைத் திறக்கக் கூடாது. அடிப்படைப் படலத்தை மட்டும் கதிரூட்டி, கார்வக்ராலைப் பிறகு பூசலாம் என்ற யோசனையும் மேசைக்கு வந்தது. கதிரூட்டிய படலத்தைத் திரும்பத் திறந்து கையாளும்போது மறுபடி கிருமி ஏறும் என்பதால் நுண்ணுயிரியலாளர் ஒப்பவில்லை, அவர் சொன்னதே சரி என்று எனக்கும் பட்டது.

மறுபடி செய்தால் மாற்றுவது

கிருமிச் சுமையை எண்ணிவிட்டு டோஸைத் தேர்வேன், எதிர் வரிசையில் இல்லை. கூடவே பயணம் போகும் ஒப்பீட்டுப் படலம் இல்லாமல் ஒரு பெட்டியையும் அனுப்ப விடமாட்டேன். சிறு ஆய்வகங்களில் கதிர் மூலம் சொந்தமாக இருக்காது, எல்லோரும் வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும், ஆகவே இது எங்கள் குழுவுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. பை, அதற்குள் உள்ள வாயு, வெப்பநிலை, கதிரூட்டிய நாளுக்கும் சோதித்த நாளுக்கும் உள்ள இடைவெளி, இந்த நான்கையும் ஒவ்வொரு முடிவின் பக்கத்திலும் எழுதச் சொல்வேன். பல கட்டுரைகளில் டோஸ் மட்டும் இருக்கிறது, மற்றவை இல்லை, பிறகு ஒருவர் கூடியது என்றும் இன்னொருவர் குறைந்தது என்றும் எழுதுவதில் வியப்பில்லை.

வளையத்தைக் கண்டு குதூகலித்த அந்த நாளில் செய்யத் தவறியது ஒன்று உண்டு. கைட்டோசான் வெட்டுப்படும் என்று தெரிந்திருந்தும், முடிவு நமக்குப் பிடித்தபடி வந்ததால் "வெட்டுப்பட்டால் வளையம் ஏன் கூட வேண்டும்?" என்று நான் கேட்கவில்லை. முடிவு பிடிக்காதபடி வந்திருந்தால் அன்றைக்கே பத்துக் கேள்வி கேட்டிருப்பேன்.

வரைவிலிருந்து "கதிரூட்டல் கிருமி எதிர்ப்பைக் கூட்டுகிறது" என்ற வாக்கியத்தை மாணவியே நீக்கினார். புதிய கட்டுரையின் மையம் 30ஆம் நாள் அளவுகள். மக்கும் வேகம் எப்படி மாறியது என்பதைச் சோதிக்க மண்ணில் புதைத்த துண்டுகளை அவர் இப்போது வாரம் ஒருமுறை எடுத்து எடை போடுகிறார். ஆறு மாதத்துக்கென ஒதுக்கிய பன்னிரண்டு பவுச்சுகள் அலமாரியில் இருக்கின்றன, இதுவரை நான்கைத் திறந்திருக்கிறோம்.